மூன்றாம் எண் மழைக்குழாய்

இடவப்பாதி தொடங்க இன்னும் பதினொரு நாள்.
புளியறவிளை ஆரம்ப சுகாதார நிலையத்தின்
மொட்டைமாடிக்குப் படி கிடையாது.
யார் ஏறப்போகிறார்கள் என்று
கட்டும்போதே விட்டுவிட்டார்கள்.

யாரும் ஏறவில்லை.
எனக்கு முன்னால் நான்கு உதவிப் பொறியாளர்கள்
மாமரத்தடியில் ஜீப்பை நிறுத்தி
அண்ணாந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்:
'மேற்கூரை நல்ல நிலையில் உள்ளது.'
ஐந்தாவது முறை எழுதியது நான்.
போன வருடம். தூறிக்கொண்டிருந்தது.
குடை இருந்தது. ஏணி இல்லை.

இந்த முறை ஏசுவடியாள் சிஸ்டர்
தேயிலை தரவில்லை.
தடுப்பூசி அறைக்குக் கூட்டிப்போய்
குளிர்ப்பெட்டியை இடுப்பால் தள்ளினார்.
பின்சுவரில் ஈரக்கறை.
அதைச் சுற்றிப் பென்சிலில் ஒரு கோடு.
அதற்கு வெளியே இன்னொன்று.
அதற்கும் வெளியே.
பிள்ளைகளின் எடையை அட்டையில் குறிக்கிற
அதே கையெழுத்தில் தேதிகள்.
ஜூன் ஒன்பது. ஜூலை இரண்டு.
துலாமாதத்து இடிமழையில் மட்டும்
ஒரு சாண் வளர்ந்திருந்தது.
"பிள்ளைய இப்பிடி வளந்தா சந்தோசப்படலாம் மேடம்.
இது சுவராக்கும்."

என்னுடைய அளவுப் புத்தகம்
பக்கத்துக்குப் பக்கம் எண்ணிட்டு முத்திரை வைத்தது.
அதில் இந்தச் சுவர் இல்லை.

ஏணிக்கு அலைந்தோம்.
தீயணைப்பு நிலையத்தில் கடிதம் கேட்டார்கள்.
மின்வாரியத்து ஏணி வேறெங்கோ கம்பத்தில் சாய்ந்திருந்தது.
கடைசியில் பந்தல்காரர் தாசையன்
சர்ச் திருவிழா கழிந்து சும்மா கிடந்த மூங்கில் ஏணியை
ஆட்டோக் கூரையில் கட்டிக் கொண்டுவந்தார்.
பதினேழு படி. பன்னிரண்டாவதில் கயிறு தளர்வு.
"அதில சவிட்டாதீங்க."
துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டேன்.

மேலே
மழை இறங்க ஐந்து வாய்கள்.
நான்கு திறந்திருந்தன.
மூன்றாவதில்
அடுத்த தோட்டத்து ரப்பர்ச் சருகு,
எத்தனை வருடத்துச் சருகோ,
ஊறிய புகையிலைபோல் அடைந்து,
அதில் காலூன்றி ஓர் அரசங்கன்று.
முழங்கை உயரம். இலையெல்லாம் பளபளப்பு.
இந்தக் கட்டடத்தில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது
அது ஒன்றுதான்.

பிடுங்கியபோது காரையும் சேர்ந்து வந்தது.
அதன் கீழே ஒரு பந்து.
பந்துக்கும் கீழே
ஏதோ குழந்தையின் இடக்கால் செருப்பு.
தாசையன் கம்பியை விட்டுக் குத்தினார்.
ஒரு வாளி வெள்ளம் ஊற்றினோம்.
கீழே நின்ற சிஸ்டர்
பிரசவ அறைக் குரலில் கத்தினார்:
"வருது! வருது!"

நாற்பது நிமிடம்.
ஏழு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு
நான் மதிப்பீடு அனுப்பியிருந்தேன்,
தளவோடு பெயர்த்து, ஜல்லி புதிதாக இட்டு.
நாகர்கோவிலில் ஏதோ மேசையில் இருக்கிறது.
வரட்டும், அதுவும் தேவைதான்.
ஆனால் தாசையனுக்குத் தொள்ளாயிரம் கொடுக்க
எந்தத் தலைப்பிலும் இடமில்லை.
விலைப்பட்டியலில்
கூரையை இடிக்க விலை உண்டு,
கூரை போட விலை உண்டு,
ஏறிப் பார்க்க விலை இல்லை.
'இதர செலவு' என்று எழுதினேன்.
கணக்கர் சிவப்பில் சுழித்தார்: எதற்கு?

முதல் மழை
இரவு இரண்டு மணிக்கு, வில்லுக்குறியில்
என் வீட்டு ஓட்டின்மேல் விழுந்தது.
அப்புறம் தூங்கவில்லை.
விடிந்ததும் சிஸ்டருக்கு அழைத்தேன்.
"கோடு போடல்ல" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"தேதி மட்டும் போட்டேன்.
மறந்து போவினும் பாருங்க."

வேர் உள்ளே அறுந்துதான் கிடக்கிறது.
இந்த அரசு மறக்காது,
வருடத்துக்குள் திரும்பத் துளிர்க்கும்.

ஆடியில் எனக்கு மாற்றல் வந்தது.
ஒப்படைப்புக் குறிப்பில்
சாவிகள், கோப்புகள், அளவுநாடா ஒன்று (முனை கிழிந்தது)
எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு
அடியில் இருந்த இடத்தில் சேர்த்தேன்:

ஏணி, பந்தல்காரர் தாசையன் வீட்டில்.
மேடமாதம் கேட்டால் தருவார்.
பன்னிரண்டாவது படியில் மிதிக்க வேண்டாம்.